நாய் கடித்துவிட்டால் என்ன செய்வது? குழாயடியில் இருந்து கடைசி ஊசி வரை

நாய் கடித்ததும் பல வீடுகளில் முதலில் நடப்பது விசாரணைதான். யார் வீட்டு நாய், ஊசி போட்ட நாயா, நீ ஏன் அது கிட்டே போனாய் என்று. அதெல்லாம் அப்புறம். ரேபிஸ் என்கிற வெறிநாய்க்கடி நோய் அறிகுறி காட்ட ஆரம்பித்துவிட்டால் காப்பாற்ற அநேகமாக வழியே இல்லை, ஆனால் அதற்கு முன்னால் சரியானதைச் செய்துவிட்டால் நோய் வராமலே தடுத்துவிடலாம். அதனால்தான் இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன்.

1. உடனே குழாயடிக்குப் போங்கள்

சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். ரேபிஸ் வைரஸுக்கு வெளியே கொழுப்பாலான ஓர் உறை இருக்கிறது, சோப்பு அதைக் கரைத்துவிடும், உறை போனால் வைரஸும் செயலிழந்துவிடும். குளிக்கிற சோப்போ துவைக்கிற சோப்போ, கையில் கிடைப்பது போதும். செல்போனில் நேரம் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் குழந்தை கத்தி அழும்போது இரண்டு நிமிடமே பெரிதாகத் தெரியும், போதும் என்று நிறுத்திவிடுவோம். பல் இறங்கிய குழிக்குள்ளும் தண்ணீர் போகிற மாதிரி நன்றாக ஊற்றுங்கள். குழாய் இல்லையென்றால் மக்கில் மொண்டு ஊற்றலாம். பிறகு பீட்டாடின் இருந்தால் போடுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காபித்தூள் எதுவும் வேண்டாம். கட்டும் போடாதீர்கள்.

2. காயம் எப்படிப்பட்டது என்று பாருங்கள்

காயமில்லாத தோலை நாய் நக்கினால் கழுவினால் போதும், ஊசி தேவையில்லை. ரத்தம் வராத சின்னக் கீறல் என்றால் தடுப்பூசி வேண்டும். ரத்தம் வந்திருந்தாலோ, ஏற்கெனவே இருந்த புண்ணிலோ வாயிலோ கண்ணிலோ எச்சில் பட்டிருந்தாலோ தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்கிற மருந்தும் வேண்டும். பூனை, குரங்கு கடித்தாலும் இதே கணக்குதான்.

3. அன்றைக்கே ஆஸ்பத்திரி

தடுப்பூசி அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசம். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பயப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அந்தக் காலம் எப்போதோ மலையேறிவிட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள், கைக்குழந்தைக்குத் தொடையில். கர்ப்பிணிகளும் தயங்காமல் போட்டுக்கொள்ளலாம்.

ரத்தம் வந்த கடி என்றால் "இம்யூனோகுளோபுலின் போடணுமா டாக்டர்?" என்று வாய் விட்டுக் கேளுங்கள். தடுப்பூசி போட்டு உடம்பில் எதிர்ப்பு சக்தி உருவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதுவரை காயத்திலேயே வைரஸை மடக்குவது இந்த மருந்துதான். காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் போடுவார்கள், வலிக்கும், ஆனால் தவிர்க்கவே கூடாது. உடல் எடையை வைத்துத்தான் அளவு, அதனால் குழந்தையின் எடையைத் தெரிந்துகொண்டு போங்கள். சின்ன இடத்தில் இருப்பு இல்லையென்றால் முதல் தடுப்பூசியைப் போட்டுக்கொண்டு அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், முதல் ஊசி போட்டு 7 நாள் தாண்டிவிட்டால் இதைப் போடுவதில்லை. காயத்துக்கு உடனே தையல் போடச் சொல்லிக் கேட்காதீர்கள். டெட்டனஸ் வராமல் தடுக்கும் டிடி ஊசி தேவையா என்பதை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

4. தேதிகளை எழுதி வையுங்கள்

முதல் ஊசி போடும் நாள் 0. தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28. தசையில் போட்டால் 0, 3, 7, 14, 28. பலரும் கோட்டை விடுவது அந்த 28-ஆம் நாளைத்தான், காயம் ஆறியிருக்கும், வேலைக்குப் போக வேண்டியிருக்கும், மறந்தே போகும். சீட்டைப் பத்திரமாக வையுங்கள். முழுதாகப் போட்டவரை பின்னால் மறுபடி நாய் கடித்தால் 0, 3 என்று இரண்டு ஊசியே போதும், இம்யூனோகுளோபுலினும் வேண்டியதில்லை, அப்போது இந்தச் சீட்டுதான் சாட்சி.

5. நாயை 10 நாள் கவனியுங்கள்

அடித்துக் கொல்லாதீர்கள். கடித்தபோது அதன் எச்சிலில் வைரஸ் இருந்திருந்தால் 10 நாளுக்குள் நாய்க்கு நோய் முற்றிச் செத்துப்போகும். நன்றாகவே இருந்தால், மிச்ச ஊசிகளை என்ன செய்வது என்று மருத்துவர் முடிவு செய்வார். ஆனால் நாயைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று முதல் ஊசியைத் தள்ளிப்போடவே கூடாது.

பிள்ளைகளிடம் ஒன்றைச் சொல்லி வையுங்கள்: நாய் கடித்தாலும் பிறாண்டினாலும் வீட்டில் வந்து சொல், யாரும் திட்டமாட்டோம். திட்டுக்குப் பயந்து மறைத்த சின்னக் கீறல்தான் எனக்குப் பெரிய கவலை.

6. வீட்டு நாய், மாடு

நாய்க்குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் தடுப்பூசி, பிறகு கால்நடை மருத்துவர் சொல்கிறபடி அடுத்தது, அதற்கப்புறம் வருஷா வருஷம். மாட்டை நாய் கடித்தாலும் அதே சோப்பு, அதே 15 நிமிடம், ஆனால் கையுறை போட்டுக்கொண்டு கழுவுங்கள். உடனே கால்நடை மருந்தகத்தில் சொன்னால் மாட்டுக்கும் தவணை முறையில் ஊசி போடுவார்கள். கடிபட்ட மாடு தீனி எடுக்காமல், எச்சில் ஒழுக, விடாமல் கத்திக்கொண்டிருந்தால் தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டது என்று நினைத்து வாய்க்குள் கையை விட்டுவிடாதீர்கள். அப்படி விட்டவர்கள் இருந்தால், மாடு பிழைக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் கையைக் கழுவிவிட்டு அவர்களும் அன்றைக்கே ஊசிக்குப் போக வேண்டும்.