அபுதாபி எஃப்1 ரேஸுக்கு பிரீமியம் பேக்கேஜ்ல போறவங்களுக்கு, மார்த்தாண்டத்துல இருந்து ஒருத்தன் சொல்றது

நம்ம மாவட்டத்துல வீட்டுக்கு ஒரு ஆளாவது கல்ஃப்ல கெடப்பான், அதனால எஃப்1, அதாவது ஃபார்முலா 1 கார் ரேஸ, நேர்ல பாக்கணும்னு ஆசை வந்தா முதல்ல ஞாபகம் வர்றது அபுதாபிதான். எனக்க சித்தப்பா பையன் அங்க முசஃபால வேல பாக்கான், "அண்ணே ஒரு தடவ வாங்க, தங்க ரூம் இருக்கு, டிக்கெட்ட மட்டும் நீங்க பாத்துக்கிடுங்க"ன்னு மூணு வருஷமா சொல்லிட்டே இருந்தான், கடைசில சீட்டு விழுந்த காச அப்பிடியே கொண்டுபோய் பேக்கேஜ்ல போட்டேன். எவ்வளவுன்னு வீட்டுல இன்னும் முழுசா சொல்லல.

போயிட்டு வந்ததுல இருந்து நாலு பேரு ஃபோன் பண்ணி எப்பிடி போறது, எத எடுக்கிறதுன்னு கேட்டாச்சு, அதான் ஒரே இடத்துல எழுதிருறேன்.

முதல் விஷயம் மக்களே, பேக்கேஜ் எடுத்தா ரேஸ் கூடுதலா தெரியும்னு நெனச்சி காசு போடாதீங்க. கூடுதலா கெடைக்கிறது ரேஸ சுத்தி உள்ள விஷயங்கள்தான்: பிட் லேன்ல (ரேஸ் நடுவுல கார் டயர் மாத்த வந்து நிக்கிற பாத) நடக்கிறது, கராஜுக்கு பின்பக்கம் பாடக்ல (டீமுங்க இருந்து வேல பாக்குற எடம்) சுத்துறது, லாரில ஏத்தி டிராக்க ஒரு ரவுண்டு காட்டுறது, ஏசி லவுஞ்ச், நாள் முழுக்க சாப்பாடு. இதுல எது ஒங்களுக்கு வேணும்னு முதல்ல முடிவு பண்ணிட்டு அதுக்கான காச மட்டும் குடுங்க. எல்லாம் வேணும்னா பாடக் கிளப், அது பிட் கராஜுக்கு மேல மாடியில இருக்கும், ஆனா அங்க இருந்து கண்ணுக்கு தெரியிறது மெயின் ஸ்ட்ரெய்ட்டும் (ரேஸ் கெளம்புற நேர் ரோடு) பிட்டும் மட்டும்தான். யாஸ் மரீனா சர்க்யூட் 5.281 கிலோமீட்டர், ஒரு லேப் (முழு சுத்து) ஏறக்குறைய ஒன்றரை நிமிஷம், அதுல ஒரு கார் ஒங்க முன்னாடி இருக்கிறது ரெண்டு மூணு செகண்ட், மிச்சத்த எல்லாரும் போல டிவில பாக்கணும். லட்சக்கணக்குல குடுத்து உள்ள வந்தவங்க பாதிப்பேரு ஜன்னலுக்கு முதுக காட்டிட்டு டிவி பாத்துட்டு இருந்தத எனக்க கண்ணால பாத்தேன், அத நம்ம வீட்டுலயே பாக்கலாமே.

நான் எடுத்தது நடுத்தரம், கிராண்ட்ஸ்டாண்ட் (கேலரி) சீட்டு கூட பிட் வாக், பாடக் டூர், லவுஞ்ச் சேந்தது. சீட்ட எங்க எடுக்கிறதுன்னு கேட்டா நான் வடக்கு ஸ்டாண்டத்தான் சொல்லுவேன், டர்ன் 5 ஹேர்பின் (ஊசி மாதிரி மடங்கி திரும்புற அஞ்சாவது வளைவு) அங்கதான். 2021 டிசம்பர்ல கடைசி லேப்ல வெர்ஸ்டாப்பன்ங்கிற டிரைவர் ஹாமில்டன உள்ள புகுந்து கடந்த அதே வளைவு. முந்தி இந்த டிராக்குக்கு இருந்த பெரிய குறையே ஓவர்டேக் பண்ண முடியாதுங்கிறதுதான், 2010ல அலோன்சோ பெட்ரோவுக்கு பின்னால ரேஸ் முடியுற வரைக்கும் மாட்டிக்கிட்டு சாம்பியன்ஷிப்பையே விட்டாரு, வெட்டல் தூக்கிட்டு போனாரு. 2021ல 21 வளைவ 16 ஆக்கி டிராக்க மாத்துன பிறகு எவ்வளவோ தேவல. பிட் ஸ்டாப் பாக்கணும், கார் எல்லாம் வரிசையா நின்னு கெளம்புறத பாக்கணும்னா மெயின் ஸ்டாண்ட். படகு, வெளக்கு, ஃபோட்டோ இதெல்லாம் வேணும்னா மரீனா பக்கம்.

காசு கட்டுறதுக்கு முன்ன விக்கிறவன்ட்ட எழுத்துல கேட்டு வாங்குங்க: டிக்கெட் மூணு நாளைக்கா சனி ஞாயிறு மட்டுமா, சீட்டு நம்பர் உண்டா, பிட் வாக் எந்த நாள் எத்தன மணிக்கு, லவுஞ்ச் எந்த ஸ்டாண்டுக்கு பக்கத்துல, ஹோட்டலும் வண்டியும் சேத்தியா. எனக்கு புக் பண்ணி தந்த ஏஜென்ட் "லவுஞ்ச் ஒங்க சீட்டுக்கு நேர் பின்னால சார்"ன்னாரு, போய் பாத்தா நல்லா வேகமா நடந்தாலே கால் மணி நேரம், வெயில்ல. கேட்டா "அது போன வருஷம் சார்"ங்காரு. எழுத்துல இல்லாததால நம்ம பேச்சு எடுபடல.

வெல டாலர்ல போட்டிருந்தாலும் திர்ஹாம்ல போட்டிருந்தாலும் ஒண்ணுதான், ஒரு டாலர்னா 3.67 திர்ஹாம்னு அங்க நிலையா கட்டி வச்சிருக்காங்க. ஆனா நம்ம கார்டுல கட்டும்போது ஃபாரெக்ஸ் மார்க்கப்னு மூணு மூன்றரை சதவீதம் வரைக்கும் போட்டு அதுக்கு மேல ஜிஎஸ்டியும் போடுவான், மார்க்கப் இல்லாத கார்டு இருந்தா அத எடுங்க, பெரிய தொகைக்கு அதுவே ஒரு ஃப்ளைட் டிக்கெட் காசு மிச்சம்.

திருவனந்தபுரத்துல இருந்து அபுதாபிக்கு நேரா ஃப்ளைட் இருக்கு, நாலு மணி நேரம். அங்க எறங்குனா யாஸ் தீவு பக்கத்துலதான். கஷ்டம் எல்லாம் இந்தப் பக்கம், களியக்காவிளை தாண்டி நெய்யாற்றின்கரை, பாலராமபுரம்னு வண்டி நவண்டு நவண்டு போகும், நாகர்கோவில்ல இருந்து எழுவது கிலோமீட்டர்தானேன்னு அசால்ட்டா கெளம்பாதீங்க, செக்கின்னுக்கு நாலு மணி நேரம் முன்னாடி வீட்ட விட்டு எறங்குங்க. விசாவுக்கு பாஸ்போர்ட் ஆறு மாசமாவது செல்லுபடி ஆகணும். யாஸ் தீவுல ஹோட்டல் எல்லாம் அந்த வாரம் தொடமுடியாத வெல, சொந்தக்காரன் ரூம் இல்லன்னா சிட்டில எடுங்க.

இனி மூணு நாள் கணக்கு. வெள்ளிக்கிழம ரெண்டு பிராக்டிஸ், சனிக்கிழம மூணாவது பிராக்டிஸும் குவாலிஃபையிங்கும் (ரேஸ்ல யாரு முன்னால நின்னு கெளம்பணும்னு முடிவு பண்ற ஓட்டம்), ஞாயிறு ரேஸ், அது அங்க சாயங்காலம் 5 மணி, ஊர்ல 6:30. எல்லாத்துக்கும் ஓடணும்னு அவசியமில்ல. வெள்ளி மத்தியானம் 1:30க்கும் சனி 2:30க்கும் நடக்கிற பிராக்டிஸ் நல்ல வெயில்ல, டிராக் சூடா இருக்கும், ரேஸ் நடக்கப்போறதோ பொழுது சாயிற நேரம், அதனால டயர் எப்பிடி நிக்கும்னு அந்த நேரத்துல பாத்து பெருசா எதுவும் சொல்ல முடியாது. டீமுங்க உண்மையிலேயே கணக்கு போடுறது வெள்ளி சாயங்காலம் 5 மணி பிராக்டிஸ்லதான். அப்ப டிராக் டூர், கட, சாப்பாடு எல்லாத்தையும் மத்தியானத்துல வச்சிக்கிடுங்க, சாயங்காலத்த விடாதீங்க.

சொன்ன நேரத்துக்கு போய் நிக்கணுங்கிறத நான் படிச்சதே நஷ்டப்பட்டுத்தான். வெள்ளிக்கிழம என் பிட் வாக் ஸ்லாட் மத்தியானத்துக்கு முன்னாடி. தம்பி காலையிலேயே நெய்மீன் வாங்கி தேங்கா அரச்சி கொழம்பு வச்சிட்டான், "அண்ணே சாப்பிட்டுட்டு போவோம், பத்து நிமிஷம்"ன்னான். பத்து நிமிஷம் முக்கா மணி நேரமாச்சு. கேட்ல போய் நின்னா அந்த பொண்ணு கையில கட்டியிருக்க பட்டைய பாத்துட்டு, சிரிச்சிட்டே, ஒங்க நேரம் முடிஞ்சிட்டு சார்னுட்டு அடுத்த ஆள கூப்பிட்டா. மாத்தி தரமாட்டாங்க, கெஞ்சியும் பாத்தாச்சு. ரெண்டு செகண்டு சொச்சத்துல நாலு டயரையும் மாத்துற ஆளுங்க அது (மெக்லாரன் டீம் 2023ல கத்தார்ல 1.80 செகண்ட்ல மாத்துனான்), நம்ம மீன் கொழம்புக்காக நிக்கவா போறாங்க. அரை மணி நேரம் முன்னாடியே கியூல நில்லுங்க, முன்னால நிக்கிறவனுக்குத்தான் பெரிய டீம் கராஜ் வாசல்ல எடம் கெடைக்கும், மெக்கானிக்குங்க பிட் ஸ்டாப் பழகுறத கிட்ட நின்னு பாக்கலாம்.

சனிக்கிழம பாடக் டூர விடல. குடுத்த காசுக்கு எனக்கு அது ஒண்ணே போதும். எல்லாரும் டிரைவர் வருவானான்னு மொபைல தூக்கிப் பிடிச்சிட்டு நிக்காங்க, நான் ஒரு கராஜுக்கு பின்னால டயர் அடுக்கி வச்சிருந்த எடத்துல நின்னுட்டேன். ஒரு பையன், இருவத்தஞ்சு வயசு இருக்கும், ஓடி முடிஞ்ச டயர படுக்க வச்சி ஹீட் கன்னால சூடு காட்டி ஒரு தகட்டால சுரண்டிட்டு இருந்தான். செஷன் முடிஞ்சி கார் மெதுவா திரும்பி வரும்போது ரோட்டுல கெடக்க ரப்பர் துண்டெல்லாம் டயர்ல ஒட்டிக்கிடும், அத எடுத்தாத்தான் உண்மையில எவ்வளவு தேஞ்சிருக்குன்னு அளக்க முடியும். சுருள் சுருளா கறுப்பா கீழ விழுது. அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டுனவரு, சிரட்டையில காஞ்சு பிடிச்ச ஒட்டுப்பால சின்னதுல நான்தான் உரிச்சி சாக்குல போடுவேன், அதே கை வேகம், அதே மாதிரி இழுவ. மணம்தான் வேற, நம்மது புளிச்ச நாத்தம், இது கருகுன வாட. அந்த பிரெல்லி கம்பெனி டயர்லயும் கொஞ்சம் இயற்கை ரப்பர் இருக்கு, எந்த ஊர் மரத்து பாலோ. கைடு வந்து தோள்ல தட்டி கூப்பிடுற வரைக்கும் நின்னேன். நீங்களும் டூர் போனா டிரைவர மட்டும் தேடாம இந்த மாதிரி வேல செய்யிற ஆளுங்கள பாருங்க, டிவில காட்டாதது அதுதான்.

லவுஞ்ச் சாப்பாட்ட பத்தி கொற சொல்ல ஒண்ணுமில்ல, ஆட்டுக்கறில இருந்து ஐஸ்கிரீம் வரைக்கும் இருக்கு. ஆனா சோறு கண்ட இடம் சொர்க்கம்னு ஒக்காந்துராதீங்க, ரெண்டாவது தட்டு எடுக்கப்போய் குவாலிஃபையிங் முதல் பகுதி முழுக்க எனக்கு போச்சு. சாப்பாட்டாலயே ரெண்டு நஷ்டம், வெளிய சொன்னா வெக்கக்கேடு. சரக்கு ஓசிதான்னு ஏத்திட்டு வண்டி எடுக்க நெனைக்காதீங்க, அந்த நாட்டுல அதுக்கு மன்னிப்பே கெடையாது.

சீட்ல ஒக்காந்தா ரேஸ் புரியணுமே, அதுக்கு எஃப்1 ஆப்ல லைவ் டைமிங் போட்டு வச்சிக்கிடுங்க, இல்லன்னா பத்து லேப்புக்கு மேல யாரு முன்னால யாரு ஒரு லேப் பின்னாலன்னே தெரியாது, 58 லேப்பும் கழுத்த திருப்பிட்டே இருக்க வேண்டியதுதான். டயர் செவப்பு சாஃப்ட், மஞ்ச மீடியம், வெள்ள ஹார்ட், மழ இல்லன்னா ரெண்டு வகையாவது போட்டே ஆகணும், யாரு எந்த நிறத்துல இருக்கான்னு பாத்தாலே பாதி ரேஸ் புரிஞ்சிரும். 2014ல டர்போ ஹைபிரிட் எஞ்சின் வந்த பிறகு சத்தம் முந்தி மாதிரி இல்ல, இருந்தாலும் காதுக்கு பஞ்சு கொண்டு போங்க, பிள்ளைங்க கூட இருந்தா காத மூடுற ஹெட்ஃபோன் கட்டாயம். பவர் பேங்க் வேணும். டிசம்பர்ல பகல்ல தொப்பி வேணும், ராத்திரி கடல் காத்து அடிக்கும், நம்ம ஊர் ஒடம்புக்கு அது நல்ல குளிரு, மெல்லிசா ஒரு ஜாக்கெட் வச்சிக்கிடுங்க. லவுஞ்சுக்கு ஷூ போட்டு போங்க, செருப்பு போட்டா சில எடத்துல உள்ள விடமாட்டான்.

ஒரேயடியா இவ்வளவு காசு போடுறதுக்கு முன்ன, ரேஸ் ட்ராக் வெயில்ல நாள் முழுக்க ஒக்காந்து பாக்குறது ஒங்களுக்கு ஒத்துவருமான்னு கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வே, இல்லன்னா சென்ன இருங்காட்டுக்கோட்ட டிராக், இதுல ஒண்ணுக்கு போய் பாத்துருங்க. எஃப்1 ஓட்டுன முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனே கோயம்புத்தூர்காரருதான். மூணு மணி நேரத்துல போரடிச்சி ஃபோன நோண்ட ஆரம்பிச்சீங்கன்னா அபுதாபி காச பிள்ள பேருல போட்டுருங்க.

கடைசியா, ரேஸ் முடிஞ்ச ஒடனே பார்க்கிங்குக்கு ஓடாதீங்க, எல்லா வண்டியும் ஒரே நேரத்துல எறங்கும், அசையாது. டிக்கெட்டோட ராத்திரி கச்சேரியும் சேந்துதான் வருது, எதிஹாத் பார்க்குல, பாட்டு பிடிக்குதோ இல்லியோ அங்க போய் நின்னுட்டு கூட்டம் கொறஞ்ச பிறகு ஷட்டில் பிடிங்க. பார்க்கிங் போர்டு நம்பர காலையிலேயே ஃபோட்டோ எடுத்துருங்க, தம்பிக்க வெள்ள கார தேடி நாங்க வெள்ள காருங்களுக்கு நடுவுல முக்கா மணி நேரம் சுத்துனோம், அங்க எல்லா காருமே வெள்ளதான். ஞாயிறு ராத்திரி ஃப்ளைட் போடாதீங்க, திங்கள் மத்தியானத்துக்கு மேல போடுங்க.