குர்ஆன் தர்ஜுமா (மொழிபெயர்ப்பு) வாசிக்கும்போது சறுக்கும் இடங்கள்

நோன்பு பற்றிப் பேசும் 2:187 (2-ஆம் அத்தியாயம், 187-ஆம் வசனம்), கறுப்பு நூலிலிருந்து வெள்ளை நூல் தெளிவாகத் தெரியும் வரை உண்ணுங்கள், பருகுங்கள் என்கிறது. அதீ பின் ஹாதிம் என்ற நபித்தோழர் இதைக் கேட்டு, கறுப்பில் ஒரு கயிறும் வெள்ளையில் ஒரு கயிறும் எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். இரவில் எடுத்து எடுத்துப் பார்த்தும் வித்தியாசம் தெரியவில்லை. விடிந்ததும் நபியவர்களிடம் போய்ச் சொன்னார். அது இரவின் இருளும் பகலின் வெளிச்சமும்தான் என்று விளக்கினார்கள். புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் வரும் செய்தி இது. அரபியைத் தாய்மொழியாகப் பேசியவருக்கே அப்படி நேர்ந்தது என்றால், தர்ஜுமாவை மட்டும் நம்பி வாசிக்கும் நாம் இன்னும் நிதானமாகப் போக வேண்டும்.

வசன எண்ணை முற்றுப்புள்ளியாக நினைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. 107:4-இல் நிறுத்தினால் ‘தொழுகையாளிகளுக்குக் கேடுதான்’ என்று வரும். தொழுகையில் அலட்சியமாக இருப்பவர்களையே அது சொல்கிறது என்பது அடுத்த வசனத்தில்தான் இருக்கிறது. ‘இணைவைப்பவர்களைக் கண்ட இடத்தில் கொல்லுங்கள்’ என்று வரும் 9:5-ஐ மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் சுற்ற விடுகிறார்கள். அதற்கு முந்தைய வசனம், உடன்படிக்கையை மீறாதவர்களோடு அதன் தவணை முடியும் வரை ஒப்பந்தத்தைக் காப்பாற்றச் சொல்கிறது. பிந்தைய வசனமோ, இணைவைப்பவர் (அல்லாஹ்வோடு வேறு தெய்வங்களையும் வணங்குபவர்) ஒருவர் அடைக்கலம் கேட்டால் கொடுத்து, பத்திரமான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்கிறது. இந்த இரண்டையும் சேர்த்து அனுப்பியவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. வருத்தமாக இருக்கிறது.

அப்புறம், நமக்குத் தெரிந்த சொல்தானே என்ற நம்பிக்கை. அவ்லியா என்றால் நம் ஊரில் இறைநேசர்கள். உடனே தர்கா நினைவுக்கு வரும். 5:51-இல் யூதர்களையும் கிறிஸ்தவர்களையும் அவ்லியாவாக ஆக்கிக்கொள்ளாதீர்கள் என்று வருகிறதே, அங்கே அந்தப் பொருள் ஒட்டாது. சில தர்ஜுமாக்கள் ‘நண்பர்கள்’ என்று போட்டுவிடுகின்றன. அதைப் படித்துவிட்டு, பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவரோடு பழகலாமா என்று கவலைப்படுபவர்கள் உண்டு. பாதுகாவலர், போரில் துணை நிற்கும் கூட்டாளி என்ற பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. அதோடு 60:8-ஐயும் திறந்து பாருங்கள்: உங்களோடு மார்க்க விஷயத்தில் போரிடாதவர்களுக்கும், உங்களை வீட்டைவிட்டு விரட்டாதவர்களுக்கும் நன்மை செய்வதை அல்லாஹ் தடுக்கவில்லை.

மொழியும் பின்னணியும் ஒன்றாக வேலை செய்வதைக் காட்ட 2:158 போதும். மக்காவில் உள்ள ஸஃபா, மர்வா குன்றுகளைச் சுற்றி வருவது, அதாவது ஹஜ், உம்ராவில் அவற்றுக்கு இடையே ஓடுவது, ‘குற்றமில்லை’ என்கிறது அது. சரி, சுற்றாமல் விட்டாலும் குற்றமில்லைதானே என்று உர்வா என்பவர் தன் சின்னம்மாவும் நபியவர்களின் மனைவியுமான ஆயிஷா நாயகியிடம் கேட்டார். நீ சொல்வதுபோல் என்றால், ‘சுற்றாமல் இருப்பது குற்றமில்லை’ என்றல்லவா வசனம் இருந்திருக்கும் என்று திருத்தினார்கள் ஆயிஷா. மதீனாவின் அன்சாரிகள் (நபியவர்களுக்குத் துணை நின்ற அவ்வூர்க்காரர்கள்) இஸ்லாத்துக்கு முன் மனாத் என்ற சிலைக்காக இஹ்ராம் (ஹஜ்ஜுக்கான புனித நிலை) கட்டியவர்கள். அதனால் ஸஃபா, மர்வாவுக்கு இடையே ஓடுவதில் அவர்களுக்கு ஒரு தயக்கம் இருந்தது. அதைப் பற்றி நபியவர்களிடம் கேட்டபோது இறங்கிய பதில் அது. ‘குற்றமில்லை’ என்ற சொல் அவர்களுடைய தயக்கத்துக்குச் சொன்ன ஆறுதல்.