கதண்டு நஞ்சை ஒப்பிடும்போது பெப்டைடுகளைத் தவறவிடாதீர்கள்

வெஸ்பா அஃபினிஸ், வெஸ்பா டிரோபிகா என்ற இரு கதண்டு இனங்களின் நஞ்சில் என்னென்ன இருக்கின்றன என்று ஒப்பிட விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். புரத ஆய்வின் அரிச்சுவடி தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. குளிரில் மயங்கிய பூச்சியின் கொடுக்கை இடுக்கியால் மெல்ல இழுத்தால் நச்சுப்பையும் கூடவே வரும். பையை நசுக்காதீர்கள், தசையின் ஆக்டின் கலந்து, நஞ்சுப் புரதம்போலப் பட்டியலில் ஏறிவிடும். ஊசியால் குத்தி, வழிவதை மட்டும் பனிக்கட்டியில் வைத்த நீரில் சேர்த்து, மையவிலக்கியில் சுழற்றி, தெளிந்த நீரை -80 டிகிரியில் வையுங்கள்.

2. மாதிரியை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியை ஜெல்லில் ஓட்டி, பட்டைகளிலுள்ள புரதத்தை டிரிப்சின் என்ற நொதியால் வெட்டுங்கள். நஞ்சுப் புரதங்களான ஆன்டிஜன் 5 சுமார் 23 கிலோடால்டனிலும் (நிறையின் அலகு), பாஸ்போலிபேஸ் ஏ1 சுமார் 34-இலும் தென்படும்.

3. மறுபாதிதான் பலர் கோட்டை விடும் இடம். இதில் டிரிப்சின் சேர்க்கவே கூடாது. பெப்டைடுகளில் (குறுகிய அமினோ அமிலச் சங்கிலிகள்) ஒன்றான மாஸ்டோபரானையே பாருங்கள்: 14 அமினோ அமிலங்கள், அவற்றில் மூன்று லைசின். டிரிப்சின் லைசினை அடுத்து வெட்டுவதால் 4, 7, 1, 2 என நான்கு துண்டுகளாகிவிடும். துண்டுகளைத் தரவுத்தளத்தோடு ஒப்பிடும் வழக்கமான தேடலில் குறைந்தபட்ச நீளம் 7 அமினோ அமிலங்கள் என்பதால், தேறுவது ஒரே துண்டு. நஞ்சில் மலிந்து கிடக்கும் பெப்டைடு அறிக்கையில் காணாமல் போவது இப்படித்தான்.

வெட்டாமல், நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு அனுப்பினாலும் இன்னொரு சிக்கல் உண்டு. இதன் கடைசி முனை அமைடாக மாறியிருக்கும். வரிசையை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் 1478.99 டால்டன், உண்மை நிறை 1478.01. ஆகவே தேடலில் ‘நொதி இல்லை’ என்பதைத் தேர்ந்து, கடைசி முனைக்கு -0.984 டால்டன் என்ற நிறை மாற்றத்தைச் சேருங்கள். நொதியில்லாத் தேடலை மளமளவென முடிப்பதால் என் ஓட்டு ஃபிராக்பைப் என்ற மென்பொருளுக்கே. தரவுத்தளமாக யூனிப்ராட் என்ற புரதத் தொகுப்பில், கதண்டுகள் அடங்கிய வெஸ்பிடே குடும்பம் முழுவதையும் எடுங்கள். இந்த இரண்டு இனங்களின் பதிவுகள் மட்டும் போதாது.

4. ஒரே கூட்டின் பூச்சிகளை எத்தனை பிடித்தாலும் அது ஒரு மாதிரிதான். ஒவ்வோர் இனத்துக்கும் குறைந்தது மூன்று கூடுகளாவது வேண்டும்.

பின்சேர்க்கை: வடிகட்டியில் பிரித்த பிறகு பெப்டைடு மிகக் குறைந்துவிட்டதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். நேர்மின்னூட்டமும் கொழுப்பில் ஒட்டும் தன்மையும் கொண்ட மாஸ்டோபரான் வடிகட்டிச் சவ்விலும் பிளாஸ்டிக்கிலும் பிடித்துக்கொள்ளும். வடிகட்டிக்குப் பதில் பெப்டைடைப் பிடித்துக்கொள்ளும் சி18 பொருள் நிரப்பிய பிப்பெட் முனையில் ஏற்றி, 0.1% ஃபார்மிக் அமிலம் கலந்த 50% அசிட்டோநைட்ரிலால் இறக்கிப் பாருங்கள். புதிய வரிசை கிடைத்தால் லூசினா ஐசோலூசினா என்பதை நிறையை வைத்து முடிவு செய்யாதீர்கள். இரண்டுக்கும் நிறை ஒன்றே. நச்சுச் சுரப்பியின் ஆர்என்ஏ வரிசையோடு ஒப்பிட்ட பிறகே எழுதுங்கள்.