பழைய ஃபைனல் கட் புரோ 7, புதிய மேக்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆப்பிளின் வீடியோ எடிட்டிங் மென்பொருளான ஃபைனல் கட் புரோ 7 வெளிவந்தது 2009-இல். 2011-இல் ஆப்பிள் அதை நிறுத்திவிட்டு ஃபைனல் கட் புரோ எக்ஸைக் கொண்டுவந்தது. புதியதில் பழைய புராஜெக்ட்டுகள் திறக்காது. அதனால் பழையதிலேயே தொடர்ந்தவர்கள் பலர். அவர்களில் யாராவது புது மேக் வாங்கும்போதுதான் சிக்கல் தலைதூக்குகிறது.

பெரிய தவறு, மேக்கின் ஓஎஸ்ஸை (இயங்குதளத்தை) அப்டேட் செய்துவிட்டு மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பது. இந்த மென்பொருள் ஒழுங்காக ஓடுவது சியரா (10.12) என்ற மேக் ஓஎஸ் பதிப்பு வரைதான். 2017-இல் வந்த ஹை சியராவில் அது திறக்காது. ரெட்ரோஆக்டிவ் என்ற இலவசக் கருவி, ஹை சியராவிலும் அதற்கு அடுத்த மொஹாவேயிலும் அதைத் திறக்க வைக்கும். ஒரு பழைய புராஜெக்ட்டை வெளியே எடுக்க அது போதும். தினசரி வேலைக்கு அதை நம்பாதீர்கள். 2019-இல் வந்த கேட்டலினாவில் அந்த வழியும் அடைபட்டது. ஃபைனல் கட் 7 ஒரு 32-பிட் மென்பொருள். கேட்டலினா முதல் 64-பிட் மென்பொருள் மட்டுமே ஓடும்.

சரி, புது மேக்கில் பழைய ஓஎஸ்ஸைப் போட்டுவிடலாமே என்று தோன்றும். ஒரு மேக் எந்த ஓஎஸ்ஸோடு விற்பனைக்கு வந்ததோ, அதற்கு முந்தையது பொதுவாக அதில் ஏறாது. ஆப்பிளின் சொந்தச் சிப் உள்ள எம்1 வகை மேக்குகளில் பழைய மென்பொருளை ஓட்ட உதவும் ரொசெட்டா 2 என்ற கருவியும், இன்டெல் சிப்புக்கான 64-பிட் மென்பொருளுக்குத்தான் உதவும். பழைய ஓஎஸ்ஸை விர்ச்சுவல் மெஷினாக (கணினிக்குள் ஒரு கணினியாக) வைக்கலாம் என்றாலும், அந்த மேக்குகளில் மான்டெரேக்கு முந்தைய மேக் ஓஎஸ் ஓடாது. ஆகவே பழைய மேக்கை விற்றுவிட்டுப் புதியதை வாங்காதீர்கள். பழைய மேக் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

புராஜெக்ட் ஃபைலை மட்டும் காப்பி எடுத்து வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. அந்த ஃபைலை ஃபைனல் கட் 7 தவிர வேறு எதுவும் சரியாகப் படிக்காது. பழைய மேக்கில் ஒவ்வொரு புராஜெக்ட்டையும் திறந்து, ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் போய், எக்ஸ்எம்எல்லாக (மற்ற மென்பொருள்களும் படிக்கக்கூடிய ஒரு ஃபைல் வகை) எடுத்துவிடுங்கள். பிரீமியர் புரோ, டாவின்சி ரிசால்வ் ஆகிய எடிட்டிங் மென்பொருள்கள் அதைப் படிக்கும். வெட்டிய இடங்கள், கிளிப்புகளின் வரிசை, சாதாரண டிசால்வ்கள் (ஒரு காட்சி மங்கி அடுத்தது தெரிவது) பெரும்பாலும் அப்படியே வரும். பிளக்-இன் எஃபெக்ட்டுகளும், லைவ்டைப் என்ற பழைய டைட்டில் மென்பொருளில் செய்த டைட்டில்களும் வராது. தமிழ் டைட்டில்களைப் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்தால் இன்னொரு தொல்லை உண்டு: அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். எழுத்துரு ஃபைலையும் கூடவே எடுத்துவையுங்கள்.

எக்ஸ்எம்எல்லோடு முழுப் படத்தையும் புரோரெஸ் 422 என்ற ஆப்பிளின் தரமான வீடியோ வடிவத்தில் ஒரு பிரதி எடுங்கள். இங்கேதான் பலர் ஒரு சின்ன டிக்கைக் கவனிப்பதில்லை. எக்ஸ்போர்ட் பெட்டியில் 'மேக் மூவி செல்ஃப்-கன்டெய்ன்ட்' என்ற கட்டம் இருக்கும். அதில் டிக் இல்லாவிட்டால் உருவாவது ரெஃபரன்ஸ் மூவி. படம் அதற்குள் இருக்காது. மூல ஃபைல்கள் எங்கே இருக்கின்றன என்ற குறிப்புதான் இருக்கும். பழைய டிஸ்க்கைக் கழற்றியதும் அது ஓடாது. ஒரு மணி நேரப் படத்தின் ஃபைல் மிகச் சிறியதாக இருந்தால் உடனே சந்தேகப்படுங்கள்.

சோரன்சன் போன்ற பழைய கோடெக்கில் (வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறை) உள்ள வீடியோக்களையும் மறக்கக் கூடாது. ஆப்பிளின் பழைய வீடியோ மென்பொருளான குவிக்டைம் 7 கேட்டலினாவோடு போய்விட்டதால், புதிய மேக்கின் குவிக்டைம் பிளேயரில் அவை ஓடாது. மொஹாவேயிலோ அதற்கு முந்தையதிலோ இருக்கும்போதே புரோரெஸ்ஸுக்கு மாற்றிவிடுங்கள்.

ஃபைல்களைக் கொண்டுபோகும் வெளி டிஸ்க்கைப் புது மேக்கில் ஏபிஎஃப்எஸ் என்ற ஆப்பிளின் புதிய டிஸ்க் வகையாக ஃபார்மட் செய்யாதீர்கள். எல் கேப்டன் போன்ற பழைய ஓஎஸ்ஸால் அதைப் படிக்க முடியாது. மேக் ஓஎஸ் எக்ஸ்டெண்டெட் என்ற பழைய வகையில் ஃபார்மட் செய்தால் இரண்டு பக்கமும் படிக்கும்.

எடுத்த எக்ஸ்எம்எல்லை அப்படியே மூட்டை கட்டி வைக்காமல், ரிசால்வின் இலவசப் பதிப்பில் திறந்து, பழைய மேக்கின் டைம்லைனோடு பக்கத்தில் வைத்து ஓட்டிப் பாருங்கள். வேகம் மாற்றிய கிளிப்புகளும், ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த சீக்வென்ஸ்களும்தான் அடிக்கடி இடம் மாறும். அவற்றை முதலில் பாருங்கள்.