தாளில் ஓட்டிப் பழகுங்கள்: கணினி அறிவியல் இளநிலைப் படிப்புக்கு ஒரு கையேடு

செட்டிக்கரை, பர்கூர் அரசு பொறியியல் கல்லூரிகள், தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு கலைக் கல்லூரிகள், ஓசூரைச் சுற்றியுள்ள தனியார் கல்லூரிகள் என்று எதில் சேர்ந்தாலும் இந்தப் படிப்பின் முதுகெலும்பு ஒன்றுதான். சி மொழி, டேட்டா ஸ்ட்ரக்சர், அல்காரிதம், டேட்டாபேஸ், ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க். பொறியியலில் இவற்றோடு தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷனும் கம்பைலரும் (நிரலைக் கணினிக்குப் புரியும் மொழிக்கு மாற்றும் மென்பொருள்) சேரும். கல்லூரிக்குக் கல்லூரி ஆய்வகமும் ஆசிரியரும் மாறலாம். எங்கிருந்தாலும் செய்ய முடிந்த, செய்தே ஆக வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஒரு நிரலைக் கணினியில் ஓட்டும் முன், அது நினைவகத்தில் என்ன செய்யும் என்பதைத் தாளில் நீங்களே ஓட்டிப் பார்ப்பதுதான் அது. இந்தக் கையேட்டில் பெரும்பகுதி அதைப் பற்றியே.

சேர்வதற்கு முன்

பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படும்: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு, கட்டணத்தை அரசே ஏற்கும். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றிதழைக் கலந்தாய்வுக்கு முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வையுங்கள். கடைசி வாரத்தில் ஓடினால் கிடைக்காது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வரும். அதற்குப் பள்ளிச் சான்றுகளும் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கும் சரியாக இருக்க வேண்டும்.

பி.இ. நான்கு ஆண்டு, பி.எஸ்சி., பி.சி.ஏ. மூன்று ஆண்டு, அதன்மேல் எம்.சி.ஏ. இரண்டு ஆண்டு. மூன்றாண்டுப் படிப்பை எடுப்பவர் கணிதத்தை விட்டுவிடக் கூடாது. எம்.சி.ஏ. சேர்க்கைக்கு பிளஸ் டூவிலோ பட்டத்திலோ கணிதம் படித்திருக்கிறீர்களா என்று கேட்பார்கள்.

கருவி

பழைய லேப்டாப் போதும். 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி இருந்தால் நான்கு ஆண்டும் ஓட்டலாம். சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள இயந்திரம் கையில் இருந்தால், புதிது வாங்கும் முன் அந்த டிஸ்க்கை மட்டும் எஸ்எஸ்டியாக மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் தாமதத்துக்குக் காரணம் அதுதான். லேப்டாப்பில் உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட் (இரண்டும் இலவச ஆபரேட்டிங் சிஸ்டங்கள்) போடுங்கள். இரண்டாம் ஆண்டில் ஆபரேட்டிங் சிஸ்டம் ஆய்வகம் வரும்போது அந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

லேப்டாப் இல்லாதவர்கள் காத்திருக்க வேண்டாம். ஆண்ட்ராய்டு போனில் லினக்ஸ் கட்டளைகளை ஓட்டும் டெர்மக்ஸ் செயலியை எஃப்-டிராய்டு தளத்திலிருந்து இறக்கி, அதற்குள் கிளாங் (சி கம்பைலர்), பைத்தான் (நிரல் மொழி), கிட் (நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவி) மூன்றையும் நிறுவினால் முதலாண்டுப் பாடம் முழுவதையும் அதிலேயே செய்யலாம். ஓடிஜி கேபிள் வழியாக ஒரு சாதாரண கீபோர்டை இணைத்துக்கொள்ளுங்கள். தொடுதிரையில் அடைப்புக்குறிகளைத் தட்டுவது கொடுமை.

முதலாண்டு: சி மொழியும் சுவடு அட்டவணையும்

பலர் தடுக்கி விழுவது இங்கேதான். பாயின்டர் (இன்னொரு மாறியின் முகவரியை வைத்திருக்கும் மாறி) புரியவில்லை என்பார்கள். அதற்குக் காரணம், நினைவகம் அவர்கள் மனதில் படமாக விழவில்லை என்பதே. அதைப் படமாக்குவது எப்படி என்று பார்ப்போம்.

ஒரு நீளத் தாளில் கட்டம் போடுங்கள். இடப்பக்கம் முகவரி, நடுவில் மாறியின் பெயர், வலப்பக்கம் மதிப்பு. ஐந்து முழு எண்கள் கொண்ட அரே (அடுத்தடுத்த இடங்களில் அடுக்கிய தொகுப்பு) 1000-ஆம் முகவரியில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய கம்பைலர்களில் ஒரு இன்ட் (முழு எண் மாறி) பொதுவாக 4 பைட். எனவே உறுப்புகள் 1000, 1004, 1008, 1012, 1016 ஆகிய இடங்களில் உட்காரும். அரேயின் பெயரோடு 2-ஐக் கூட்டினால் 1002 வராது, 1008 வரும். இரண்டு பைட் அல்ல, இரண்டு உறுப்பு தள்ளிப் போகச் சொல்கிறீர்கள். இதைத் தாளில் ஒருமுறை எழுதியவருக்கு மறக்காது.

லூப்புக்கு (திரும்பத் திரும்ப ஓடும் பகுதிக்கு) வேறு அட்டவணை, அதுதான் சுவடு அட்டவணை. ஒவ்வொரு மாறிக்கும் ஒரு பத்தி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வரி. கடைசி வரியில் லூப் ஏன் நின்றது என்பதையும் எழுதுங்கள். பிறகுதான் கணினியில் ஓட்ட வேண்டும். விடை ஒத்துப்போனால் சரி. போகாவிட்டால், உங்கள் அட்டவணையில் எந்த வரியில் பிரிந்தது என்று தேடுங்கள். அந்தத் தேடல்தான் படிப்பு. பென்னாகரம், அரூர், ஊத்தங்கரை பக்கமிருந்து தினம் பேருந்தில் வந்து போகிறவர்கள், உட்கார இடம் கிடைக்கும் நாளில் இதற்கு அந்த நேரத்தையே ஒதுக்கலாம். மின்சாரமும் நெட்டும் தேவையில்லை.

திரும்பத் திரும்ப வரும் பிழைகள் சில. உள்ளீட்டை வாங்கும் ஸ்கேன்எஃப்-இல் மாறிக்கு முன் & குறி விட்டுப்போனால், மாறிக்குள் கிடக்கும் ஏதோ ஒரு மதிப்பையே முகவரியாக நம்பி அங்கே எழுதப் போகும். செக்மென்டேஷன் ஃபால்ட் என்று நின்றால் அதிர்ஷ்டம். நிற்காமல் வேறொன்றைக் கெடுத்துவிட்டு ஓடும்போதுதான் மணிக்கணக்கில் தேட நேரிடும். இஃப்-க்குள் == போட வேண்டிய இடத்தில் = போட்டு 5-ஐ வைத்தால் நிபந்தனை எப்போதும் உண்மையாகிவிடும். 5-ஐ 2-ஆல் வகுத்தால் 2.5 வராது, 2 வரும். இரண்டும் முழு எண்கள். எண்ணை வாங்கியபின் ஓர் எழுத்தை வாங்கினால், நீங்கள் தட்டிய என்டர் அந்த எழுத்தாகப் போய் உட்காரும். ஸ்கேன்எஃப்-இல் எழுத்துக் குறியீட்டுக்கு (%c) முன் ஓர் இடைவெளி விட்டால் சரியாகும். ஐந்து உறுப்பு அரேயில் எண்ணிடம் 0-இல் தொடங்குவதால் கடைசி இடம் 4; ஆனால் 5 என்ற எண்ணிடத்தைத் தொட்டாலும் சி தடுக்காது. இவற்றில் பலவற்றை ஜிசிசி என்ற சி கம்பைலரே காட்டிக்கொடுக்கும், எல்லா எச்சரிக்கைகளையும் காட்டு என்று அதற்குக் கட்டளை கொடுத்திருந்தால். நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர் வசதியையும் சேர்த்து ஓட்டினால் அரே எல்லை மீறிய வரியின் எண்ணையே சொல்லிவிடும்.

ஆய்வகத்தில் இன்னமும் டர்போ சி என்ற பழைய கம்பைலர் இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். அதில் இன்ட் 2 பைட், உச்ச எண் 32,767. 8-இன் ஃபேக்டோரியல் (1 முதல் 8 வரை பெருக்கிய விடை) 40,320. டர்போ சியில் அது -25,216 என்று வரும். வீட்டில் ஜிசிசியில் அதே நிரல் 12 வரை சரியாக ஓடி, 13-இல் 6,22,70,20,800 வர வேண்டிய இடத்தில் 1,93,20,53,504 காட்டும். நிரலில் தவறில்லை, பாத்திரம் நிரம்பி வழிகிறது. இரண்டையும் ஓட்டிப் பார்த்து, ஏன் அந்த எண் வந்தது என்று 65,536-ஐயும் 4,29,49,67,296-ஐயும் (2 பைட்டிலும் 4 பைட்டிலும் அடங்கும் மதிப்புகளின் எண்ணிக்கை) கழித்துச் சரிபாருங்கள். ஒரு மாலை நேரம் போகும், ஆனால் எண்கள் கணினிக்குள் எப்படி வாழ்கின்றன என்பது பிடிபடும்.

ரிகர்ஷன்

ரிகர்ஷன் என்றால் ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைப்பது. முந்தைய இரண்டு எண்களைக் கூட்டி அடுத்ததைப் பெறும் ஃபிபனாச்சி வரிசையில், ஃபிபனாச்சி 5-ஐ ரிகர்ஷனில் கணக்கிடும் மரத்தைத் தாளில் வரையுங்கள். 0, 1 இரண்டையும் அடிப்படையாக வைத்தால் மொத்தம் 15 அழைப்புகள் வரும். உங்கள் மரத்தில் 15 வராவிட்டால் எங்கோ ஒரு கிளை விட்டுப்போயிருக்கிறது. அதே முறையில் 30-க்குப் போனால் 26,92,537 அழைப்புகள். விடைகளை ஒரு அரேயில் சேமித்துவைத்தால் முப்பதை ஒட்டிய எண்ணிக்கையில் முடிந்துவிடும். டைனமிக் புரோகிராமிங் என்று பின்னால் பெரிய பெயரோடு வரப்போவது இதுதான். டிஸ்கிரீட் கணிதத்தில் வரும் இண்டக்‌ஷன் நிரூபணமும் ரிகர்ஷனும் ஒரே சிந்தனையின் இரு வடிவங்கள். ஆகவே அந்தக் கணிதத்தாளைப் பாஸ் ஆகும் அளவுக்கு மட்டும் படித்துவிட்டுத் தள்ளிவிடாதீர்கள்.

இரண்டாம் ஆண்டு

லிங்க்டு லிஸ்ட் என்பது ஒவ்வொரு உறுப்பும் (நோடு) அடுத்ததன் முகவரியை அம்பாக வைத்திருக்கும் வரிசை. அதன் நடுவே ஒரு நோடு சேர்ப்பதற்கு வரிசை முக்கியம். முதலில் புதிய நோடின் அம்பை அடுத்த நோடுக்குக் காட்டுங்கள். பிறகு முந்தைய நோடின் அம்பைப் புதியதுக்குத் திருப்புங்கள். மாற்றிச் செய்தால் மீதி லிஸ்ட் முழுவதும் கைவிட்டுப் போகும். காலி லிஸ்ட், ஒரே நோடு, கடைசி இடம் ஆகிய மூன்று சூழலையும் எப்போதும் சோதியுங்கள்.

நடுவைப் பார்த்து ஒவ்வொரு முறையும் பாதியைத் தள்ளிவிடும் பைனரி தேடல் பத்து லட்சம் பெயர்களில் 20 ஒப்பீட்டுக்குள் முடியும், பட்டியல் அடுக்கப்பட்டிருந்தால் மட்டும். நடு இடத்தைக் காண இரு எல்லைகளையும் கூட்டி இரண்டால் வகுத்தால் பெரிய அரேக்களில் மேலே சொன்ன அதே நிரம்பி வழிதல் நடக்கும். ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே இருந்த இந்தப் பிழை 2006-இல்தான் வெளியே தெரிந்தது. கீழ் எல்லையோடு, வித்தியாசத்தில் பாதியைக் கூட்டுவதே பாதுகாப்பு.

டேட்டாபேஸுக்குப் பாடப்புத்தகத்தின் ஊழியர் அட்டவணையை விட்டுவிட்டு, ராயக்கோட்டை தக்காளி மண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். விவசாயி பெயர், ஊர், போன், வரத்துக் கூடைகள், விலை, வாங்கியவர் எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் போட்டால், ஒருவர் போன் எண் மாற்றியதும் நூறு வரிகளைத் திருத்த வேண்டும். ஒரு வரி விட்டுப்போனாலும் ஒரே ஆளுக்கு இரண்டு எண்கள். விவசாயி, வரத்து, விற்பனை என்று மூன்றாகப் பிரியுங்கள். விவசாயிக்குத் தனி அடையாள எண் கொடுங்கள். போன் எண்ணை முதன்மைத் திறவுகோலாக (ஒரு வரியை அடையாளம் காட்டும் பிரைமரி கீயாக) வைக்காதீர்கள், அது மாறும். இப்படிப் பிரிப்பதற்குப் பெயர் நார்மலைசேஷன்; அதன் முதல் மூன்று நிலைகளும் இந்த ஒரு மண்டிக்குள் அடங்கிவிடும். தொகையை ஒருவர் கணக்கில் கழித்து, மற்றவர் கணக்கில் ஏற்றும் முன் மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். டிரான்சாக்‌ஷன் (எல்லாமே நடக்க வேண்டும், இல்லையேல் எதுவுமே நடக்கக் கூடாது என்ற ஏற்பாடு) ஏன் வேண்டும் என்பது அங்கே தெரியும்.

ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு ஒரே ஒரு சோதனை. இரண்டு த்ரெட்கள் (ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்), ஒரே எண்ணி, ஒவ்வொன்றும் ஒரு லட்சம் முறை ஒன்று கூட்ட வேண்டும். ஆப்டிமைசேஷன் (கம்பைலர் தானாகச் செய்யும் வேகப்படுத்தல்) இல்லாமல் கம்பைல் செய்து பலமுறை ஓட்டுங்கள். பெரும்பாலும் இரண்டு லட்சம் வராமல் வேறு வேறு எண் வரும். மியூட்டெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு) போட்டதும் சரியாகும். இதைப் பார்த்தபின் கிரிட்டிக்கல் செக்‌ஷன் பற்றிய பக்கங்களை மனப்பாடம் செய்யத் தேவையிருக்காது.

தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் பயமுறுத்தும் தாள். மூன்றால் வகுபடும் பைனரி எண்களை மட்டும் ஏற்கும், தாளில் வரையும் கற்பனை இயந்திரத்திலிருந்து தொடங்குங்கள். மீதி 0, 1, 2 என்று மூன்று நிலைகள். புதிய பிட் வந்தால் பழைய மீதியை இரட்டித்து அந்த பிட்டைக் கூட்டி, மூன்றால் வகுத்த மீதிக்குப் போக வேண்டும். மீதி 1-இல் இருக்கும்போது 0 வந்தால் 2-க்கு, 1 வந்தால் 0-க்கு. நிலை என்பது இதுவரை படித்ததில் நினைவில் வைக்க வேண்டிய சுருக்கம் என்பது புரிந்தால் பாதித் தாள் கைவசம்.

நெட்வொர்க்கில் கணக்குகளைத் தவறவிடாதீர்கள். ஐபி முகவரியில் /26 என்றால் 64 முகவரிகள்; முதலும் கடைசியும் போகக் கருவிகளுக்குக் கொடுக்கக்கூடியவை 62.

தேர்வும் ஆங்கிலமும்

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் எழுத்துத் தாளுக்கு அகமதிப்பீடு 40, இறுதித் தேர்வு 60. இறுதித் தேர்வில் நூற்றுக்கு 45-உம், மொத்தத்தில் 50-உம் வேண்டும். அகமதிப்பீட்டில் நாற்பதும் வாங்கி, எழுத்தில் நூற்றுக்கு 44 வாங்கினால் அரியர்தான். தன்னாட்சிக் கல்லூரியிலும் பெரியார் பல்கலைக்கழகத்திலும் 2021-க்குப் பின் வந்த ஒழுங்குமுறையிலும் விதி வேறாக இருக்கலாம்; முதல் வாரத்திலேயே உங்களுடையதைக் கேட்டு எழுதிவையுங்கள். வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போகவிடாதீர்கள்.

தமிழ் வழியில் படித்து வந்தவருக்கும், தளி, ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி வந்தவருக்கும் முதல் செமஸ்டர் ஆங்கிலப் புத்தகம் கனக்கும். கருத்தை முதலில் தெரிந்த மொழியில் நண்பருக்கு விளக்குங்கள். பிறகு அதையே இரண்டு எளிய ஆங்கில வாக்கியங்களில் எழுதுங்கள். கைடில் உள்ளதை அப்படியே நகலெடுக்க வேண்டாம். இரண்டு மதிப்பெண் கேள்விக்கு உங்கள் வாக்கியமும் படமும் போதும். ஐஐடிகள் இணையத்தில் நடத்தும் என்பிடெல் பாடங்களில் சேர்வதும் பார்ப்பதும் இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். செமஸ்டருக்கு ஒன்றுக்கு மேல் எடுக்காதீர்கள்.

புராஜெக்ட்

புராஜெக்டைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். நேர்காணலில் கேட்கும் முதல் கேள்வியிலேயே குட்டு வெளிப்படும், நான்காண்டு உழைப்பின் மதிப்பும் போய்விடும். ஒகேனக்கல் நீர்வரத்தும் கிருஷ்ணகிரி அணையின் நீர்மட்டமும் நாளிதழில் வருகின்றன. மூன்று மாதம் தேதிவாரியாகச் சேகரித்து, டேட்டாபேஸில் ஏற்றி, வரைபடமாகக் காட்டுங்கள். சிக்கல்கள் தாமாக வரும்: விட்டுப்போன தேதிகள், அடியும் மீட்டரும் கலந்த அளவுகள், அணையின் முழு உயரமான 52 அடியைத் தாண்டிய தட்டச்சுப் பிழைகள். உள்ளே வரும் ஒவ்வொரு எண்ணையும் சோதிக்கும் பகுதியை முதலில் எழுதுங்கள். கணக்கைச் சரிபார்க்க ஓர் அளவுகோல்: வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க வந்தால் ஏறத்தாழ ஒரு டிஎம்சி (நூறு கோடி கன அடி). தினமும் கிட்டில் பதிவு செய்யுங்கள். மாற்றத்தின் காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள்.

மேற்படிப்பு எண்ணம் இருந்தால் கேட் என்ற முதுநிலைப் பொறியியல் நுழைவுத் தேர்வைக் கடைசி ஆண்டுக்கு முன்பே ஒருமுறை எழுதலாம். 100-இல் 15 பொதுத் திறன், மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். பெங்களூரு ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர்தான் என்பதால் பயிற்சி வேலைகளுக்கு விடுமுறையில் முயலுங்கள். வேலை தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கும் இடத்தில் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.