அன்னபூர்ணா அடிவார முகாம்: எந்த மாதம், எத்தனை மணிக்கு? மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து போகிறவர்களுக்கு

நேபாளத்துக்கு மலையேறப் போகிற நம்மவர்கள் முதலில் கேட்பது "குளிர் தாங்குமா?" என்றுதான். குளிரைக் காசு கொடுத்துச் சமாளிக்கலாம். தடித்த ஜக்கெற்றும் உறக்கப்பையும் காத்மண்டுவிலும் பொக்கராவிலும் வாடகைக்கே கிடைக்கும். காசால் சமாளிக்க முடியாதது ஒன்று உண்டு. ஹிமாலயா என்ற தங்குமிடத்துக்கும் மச்சாபுச்ரே அடிவார முகாமுக்கும் இடையே, பாதையை ஊடறுத்து இறங்கும் பனிச்சரிவு ஓடைகள்தான் அது: மேலே சரியும் பனி வந்து கொட்டும் வழிகள். அந்தச் சில கிலோமீற்றரை எந்த மாதத்தில், பனி கொட்டி எத்தனையாம் நாளில், எத்தனை மணிக்குக் கடக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

பாதை

பொக்கரா ஏறத்தாழ 820 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஜீப்பில் ஜினுதண்டாவுக்குக் கிட்டப் போய், நீண்ட தொங்குபாலத்தைக் கடந்து சோம்ரோங்குக்கு (2170 மீ.) ஏறலாம். கடைசி ஊர் அதுதான். அதற்கு மேல் லொட்ஜுகள் மட்டுமே. சினுவா, பாம்பூ, தோவான் (சுமார் 2600), ஹிமாலயா (2900), தெவுராலி (3200), மச்சாபுச்ரே அடிவார முகாம் (3700), கடைசியாக அன்னபூர்ணா அடிவார முகாம் (4130). சோம்ரோங்கில் கஷ்டப்பட்டு ஏறிய உயரத்தைக் கல்படிகளில் ஆறுவரை இறங்கித் தொலைத்துவிட்டு, சினுவாவுக்கு மறுபடி ஏறவேண்டும். திரும்பும்போதும் அதே படிகள்தான்.

சோம்ரோங்குக்கு மேலே இறைச்சி கொண்டுபோவதில்லை. அந்தப் பள்ளத்தாக்கைப் புனிதமாக வைத்திருக்கிறார்கள். உகந்தையிலிருந்து காட்டுவழியே கதிர்காமத்துக்கு நடந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பையில் கருவாட்டுச் சம்பல் போத்தல் இருந்தால் கீழேயே தின்று முடித்துவிடுங்கள்.

மாதங்கள், நம் வசதிப்படி

ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில் போகவேண்டாம். இங்கே கச்சான் காற்றில் நிலம் வெடித்துக் கிடக்கும்போது அங்கே பருவமழை உச்சத்தில் இருக்கும். பொக்கராவுக்கு மேற்கே லும்லேயில் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை விழுகிறது. நமக்கு ஓராண்டில் கிடைப்பதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. அட்டை, மண்சரிவு, மலையே தெரியாத முகில். இவ்வளவுக்கும் காசு கொடுத்துப் போகத் தேவையில்லை.

ஆகச் சிறந்த காலம் ஒக்டோபரும் நவம்பர் முற்பாதியும். வானம் தெளிந்திருக்கும், தெவுராலி வரை வழக்கமாகப் பாதையில் பனி இருக்காது. ஒரே விதிவிலக்கு வங்காள விரிகுடா. 2014 ஒக்டோபர் 12ஆம் திகதி ஹுத்ஹுத் புயல் விசாகப்பட்டினத்தில் கரையேறியது. அதன் மிச்சம் வடக்கே வளைந்து, 14ஆம் திகதி அன்னபூர்ணா சுற்றுப்பாதையின் தோரோங் கணவாயில் (5416 மீ.) பனியாகக் கொட்டியது. நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். தாழமுக்கம் என்றதும் காதைத் தீட்டிக்கொள்ளும் பழக்கம் மட்டக்களப்பாருக்கு 1978 புயலிலிருந்தே உண்டு. அதே பழக்கம் அங்கேயும் உதவும், பார்க்கவேண்டிய திசை மட்டும் வேறு. கார்த்திகை, மார்கழியில் நம்மை உரசிப்போகிறவை பெரும்பாலும் மேற்கே தமிழ்நாட்டுப் பக்கம் போய்விடும். ஆந்திரா, ஒடிசாக் கரையில் ஏறி வடக்கே திரும்புகிறவைதான் இமயமலையில் பனியாக முடியும். கரையேறிய செய்திக்கும் மலையில் பனி விழுவதற்கும் இடையே இரண்டு நாள் அளவில் அவகாசம் கிடைக்கும். மேலே நிற்கிறவர் தோவானுக்குக் கீழே இறங்கிவிட அது போதும். ஆகவே சோம்ரோங்கில் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்கும்போது இந்திய வானிலைத் துறையின் புயல் அறிவிப்பையும் ஒருமுறை பாருங்கள்.

டிசம்பர் விடுமுறையில் பனி குறைவு, குளிர் கூட. பொக்கராவில் காலை 10 பாகை என்றால், ஒவ்வொரு 1000 மீற்றருக்கும் ஆறரைப் பாகை கழித்து, மேல்முகாமில், அதாவது அன்னபூர்ணா அடிவார முகாமில், சைபருக்குக் கீழே 11 என்று உத்தேசமாகக் கணக்கிடலாம். இந்த மாதத்தில் ஆளை விழுத்துவது பனியல்ல, படியில் கசிந்து உறைந்த ஊற்றுத் தண்ணீர். ஈரக் கல்லைப் போலக் கறுப்பாகத் தெரியும். சந்தேகமான கல்லை ஊன்றுகோல் நுனியால் தட்டிப் பாருங்கள். நுனி கல்லைத் தொடாமல் கண்ணாடிமேல் சறுக்குவதுபோல் விலகினால் அது ஐஸ்.

தைப்பொங்கல் முதல் மாசி முடியும்வரை புதியவர்களுக்கான காலமல்ல. மேற்கிலிருந்து வரும் குளிர்காலக் காற்றுக் குழப்பங்கள் ஒரே இரவில் முழங்காலளவு பனியைக் கொட்டிவிடும். மேலே சில லொட்ஜுகள் பூட்டிவிடும்.

பங்குனி, சித்திரை நம்மில் பலருக்குத் தோது. பெரும்போக அறுவடை முடிந்து கையில் காசும் நேரமும் இருக்கும். வருடப்பிறப்பு லீவும் வரும். கீழ்க்காடு சிவந்த லாலிகுராஸ் பூவால் நிறைந்திருக்கும். போகலாம். ஆனால் குளிர்காலம் முழுவதும் விழுந்த பனி மேலே குவிந்து நின்று வெயிலில் இளகத் தொடங்குவதும் இப்போதுதான். காலையில் தெளிவு, பிற்பகலில் முகில், இடி, ஆலங்கட்டி. பன்னிரண்டு மணிக்குள் அன்றைய நடையை முடித்துவிட வேண்டும்.

சரிவு எங்கிருந்து வருகிறது

ஹிமாலயாவுக்கும் தெவுராலிக்கும் இடையே உள்ள ஹிங்கு குகைக்கு முன்பின்னாகவும் தெவுராலியைத் தாண்டியும் பாதை மோதி என்ற ஆற்றின் மேற்குக் கரையோடு ஒட்டிப் போகிறது. தலைக்குமேல் செங்குத்துப் பாறை. அதற்கும் மேலே, பாதையில் நிற்பவர் கண்ணுக்கே தெரியாத உயரத்தில், ஹியுன்சுலி மலையின் (6441 மீ.) பனி மூடிய சாய்வுகள். ஆபத்து ஏமாற்றுவது இங்கேதான். கால்கீழே புல்லும் மண்ணுமாக, ஒரு பொட்டுப் பனி இல்லாமல் இருக்கும். ஆனாலும் மேலே விழுந்த பனி பாறைப் பிளவு வழியாக இந்தப் புல்மீது வந்து கொட்டும். "பாதையில் பனி இல்லையே" என்று சொல்லி நடக்கத் தொடங்குவது தவறான அளவுகோல்.

நேரமும் அப்படித்தான். ஹியுன்சுலியின் இந்தப் பக்கம் கிழக்கைப் பார்த்தது, அதனால் காலை வெயில் முதலில் படுவது அங்கேதான். கீழே பள்ளத்தாக்கு இருட்டாக, கை விறைக்கிற குளிரில் கிடக்கும்போதே மேலே பனி இளகத் தொடங்கிவிடும். உங்கள் முகத்தில் வெயில் விழும்வரை பொறுத்திருந்தால் ஏற்கெனவே பிந்திவிட்டது.

ஆகவே செய்யவேண்டியது இது. ஏறும் நாளில் தெவுராலியிலிருந்து விடிய ஐந்தரைக்குப் புறப்படுங்கள். மச்சாபுச்ரே அடிவார முகாமுக்கு இரண்டு மணி நேரம் அளவில் பிடிக்கும். எட்டு மணிக்குள் ஓடைகள் முடிந்துவிடும். இறங்கும் நாளில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். மேல்முகாமில் சூரியோதயம், அதன்பின் தேத்தண்ணி, ரொட்டி, படம் என்று பத்து மணியாகிவிடும். நடுப்பகலில் வந்து நிற்பது சரியாக ஓடைகளுக்கு நடுவில். உதயம் பார்த்ததும் பையை எடுங்கள். காலைச் சாப்பாடு தெவுராலியில்.

ஓடையைக் கடக்கும் முறை: ஒருவர் முழுதாகக் கடந்தபிறகே அடுத்தவர் இறங்குவது. நடுவில் நிற்பதில்லை, படம் எடுப்பதில்லை, சப்பாத்து நாடா கட்டுவதில்லை. ஊன்றுகோலின் வாரை மணிக்கட்டிலிருந்து கழற்றிவிடுங்கள். சரிவு இழுத்தால் கோல் கையோடு சேர்ந்து உங்களைக் கீழே பிடித்துவைக்கும். மப்ளரையும் தொப்பியையும் காதிலிருந்து விலக்கிக்கொள்ளுங்கள். மேலே நடப்பது கண்ணுக்குமுன் காதுக்குத்தான் தெரியும்.

புதுப்பனி கொட்டினால் நின்றபின் 24 முதல் 48 மணி நேரம் தோவானிலோ அதற்குக் கீழேயோ காத்திருங்கள். தானாகச் சரியும் பனியில் பெரும்பங்கு அந்த இடைவெளியில் சரிந்துவிடும். 2020 ஜனவரி 17 அன்று தெவுராலிக்கருகே தென்கொரியர் நால்வரையும் நேபாளியர் மூவரையும் பனிச்சரிவு மூடியது. அதற்கு முன்னர் கடும் பனி பெய்திருந்தது. பயணத் திட்டத்தில் இரண்டு நாள் உபரியாக வைக்காதவர்கள் காத்திருக்கமாட்டார்கள். விமானச் சீட்டு அவர்களைத் தள்ளும்.

சரிவு அதிகமான காலத்தில் தெவுராலிக்கு மேலே ஆற்றைக் கடந்து கிழக்குக் கரையால் போகும் மாற்றுப்பாதை ஒன்று உண்டு. லொட்ஜில் "வழி சரியா?" என்று கேட்டால் "சரி" என்றே பதில் வரும். அதை விட்டுவிட்டு, "இன்று மேலிருந்து யார் இறங்கினார்கள்? எத்தனை மணிக்கு? எந்தக் கரையால்?" என்று கேளுங்கள். மூன்றுக்கும் தெளிவான பதில் இல்லை என்றால் அன்று போகாதீர்கள்.

காலால் பனியைப் படிப்பது

விடியலில் பனி மேல்தோடு உறைந்து சப்பாத்தைத் தாங்கும். அந்த நேரம் மைக்ரோ ஸ்பைக் போடுங்கள்: சப்பாத்தின்மேல் இழுத்து மாட்டும் ரப்பர் வளையம், அடியில் சங்கிலியும் பல்லும். பனிக்கு மட்டுமல்ல, மேலே சொன்ன கறுப்பு ஐஸுக்கும் அதுதான் மருந்து. வெயில் ஏறியதும் ஈரப்பனி பல்லுக்கிடையே கட்டியாக அப்பிக்கொண்டு குதிக்கால்போல் உயரும். பல்லே நிலத்தில் படாது. சில அடிக்கு ஒருமுறை கோலால் தட்டி உதிருங்கள், அல்லது கழற்றிவிடுங்கள்.

ஒரு கைப்பிடி அள்ளிப் பிழியுங்கள். மாவுபோல் உதிர்ந்தால் உலர்ந்த பனி. உருண்டையாகி விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தால் சரிவுகளை விட்டு விலகும் நேரம். கணுக்காலுக்கு மேலே கால் புதைவது, சரிவில் சிறு உருண்டைகள் தாமாக உருண்டுவருவது, காலடியில் 'தொம்' என்று பனி அமுங்கும் ஓசை கேட்பது, இவையும் அதையே சொல்கின்றன. கடைசி ஓசை கேட்டால் வந்த தடத்திலேயே திரும்புங்கள்.

சித்திரையில் பழைய சரிவுகள் ஓடையை மூடிப் பாலம்போல் கிடக்கும். அடியில் தண்ணீர் ஓடி உள்ளே குடைந்திருக்கும். மற்றவர்கள் மிதித்த தடத்தை விட்டு ஒரு அடியும் விலகாதீர்கள். ஓரம் நடுவைவிட மெல்லியது.

உடுப்பும் சாமானும்

பருத்தி வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காயாது, நின்றவுடன் உடம்பை விறைக்க வைக்கும். உள்ளே கம்பளி அல்லது பொலியெஸ்டர், நடுவில் பிளீஸ், வெளியே காற்றும் நீரும் புகாத ஜக்கெற். கணுக்கால் மூடும் சப்பாத்தை இங்கிருந்தே போட்டுப் பழக்கிக்கொண்டு போகவேண்டும். கெய்ற்றர் (சப்பாத்து வாயையும் கீழ்க்காலையும் மூடும் உறை) இல்லையென்றால் பனி சப்பாத்துக்குள் புகுந்து உருகும். கறுப்புக் கண்ணாடி அலங்காரமல்ல. புதுப்பனி வெயிலில் எண்பது சதவீதம்வரை புற ஊதாக் கதிரைத் திருப்பியடிக்கும், ஒரு நாளில் கண் எரிந்து பார்வை மங்கிவிடும். வெயில் பூச்சை மூக்குத் துளையைச் சுற்றியும் நாடிக்குக் கீழேயும் பூசுங்கள், ஏனெனில் வெளிச்சம் கீழிருந்தும் வருகிறது. தண்ணீர்ப் போத்தலைத் தலைகீழாக வையுங்கள். மேற்புறம் முதலில் உறைவதால் மூடிப்பக்கம் திறக்கும். கைபேசியும் பற்றறியும் இரவில் உறக்கப்பைக்குள்.

உயரம்

இலங்கையின் ஆக உயர்ந்த பிதுருதலாகலையே 2524 மீற்றர்தான். தோவானில் படுக்கும் இரவிலேயே அதைத் தாண்டிவிடுவீர்கள். கடல்மட்டத்தில் வாழ்கிறவர்களுக்கு மலைநோய் (உயரத்தில் காற்று ஐதாவதால் வரும் நோய்) வரும் வாய்ப்புக் கூடுதல். வேகமாக ஏறினால் எவருக்கும் வரும். 4130 மீற்றரில் காற்றழுத்தம் நம் கடற்கரையில் உள்ளதில் அறுபது சதவீதம்தான். 3000 மீற்றருக்கு மேலே படுக்கும் உயரம் இரவுக்கு 500 மீற்றருக்கு மேல் கூடக்கூடாது. தெவுராலியிலிருந்து ஒரே மூச்சில் மேல்முகாம் போனால் அது 900 மீற்றர். நடுவில் மச்சாபுச்ரே அடிவார முகாமில் ஒரு இரவு படுங்கள். முகாம் இருக்கும் இடமும் ஓடைகளுக்கு மேலே என்பதால் விடியற்காலைக் கணக்கும் குழம்பாது.

தலையிடியோடு ஓங்காளமும் பசியின்மையும் சேர்ந்தால் அங்கேயே நில்லுங்கள். குதிகாலும் பெருவிரலும் தொட நேர்கோட்டில் நடக்கச் சொல்லும்போது ஆள் தள்ளாடினாலோ, இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ இரவென்று பாராமல் கீழே இறக்குங்கள். மலைநோய்க்கான அசெற்றசோலமைட் மாத்திரையை இங்கே வைத்தியரிடம் கேட்டுத்தான் எடுக்கவேண்டும். சல்பா மருந்து ஒவ்வாதவர்கள் அதைக் கட்டாயம் சொல்லவேண்டும்.

பயிற்சி

கல்லடிப் பாலத்தில் எத்தனை தரம் நடந்தாலும் தொடை ஏற்றத்துக்குப் பழகாது. இரண்டு மாதம் முன்பிருந்தே ஏழெட்டுக் கிலோ பையோடு மாடிப்படி ஏறி இறங்குங்கள். இறங்குவதைக் கூட்டிச் செய்யுங்கள், முழங்கால் நோவது அதில்தான். வார இறுதியில் தாந்தாமலை. பிறகு செங்கலடி–பதுளை வீதியால் போய் நமுனுகுல (2036 மீ.), முடிவில் சிவனொளிபாதமலையின் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள்.

கடதாசி வேலை

அன்னபூர்ணா இயற்கைப் பாதுகாப்புப் பிரதேச அனுமதிக்கு சார்க் நாட்டவரிடம் 1000 நேபாள ரூபாய்தான், மற்ற வெளிநாட்டவரிடம் 3000. இலங்கைக் கடவுச்சீட்டை முதலிலேயே நீட்டுங்கள். 2023 ஏப்ரலிலிருந்து உரிமம் பெற்ற வழிகாட்டி கட்டாயம். பேரம் பேசும்போதே, உபரி இரண்டு நாளுக்கும் சேர்த்துச் சம்பளம் பேசிவிடுங்கள். காப்புறுதி எடுப்பதென்றால் ஹெலிகொப்டர் மீட்பும் 4130 மீற்றருக்கு மேற்பட்ட உயரமும் அதில் எழுத்தில் இருக்கவேண்டும். சாதாரணப் பயணக் காப்புறுதிகள் பல அதற்குக் கீழேயே நின்றுவிடும்.