பழைய பள்ளிக் கட்டடத்தைப் பழுது பார்க்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

நூறு வயது தாண்டிய பள்ளி, கல்லூரிக் கட்டடங்களைச் சீரமைப்பதுதான் எங்கள் அலுவலகத்தின் வேலை. புதிதாக ஒரு கட்டடத்தைப் பார்க்கப் போனால் நான் முதலில் தேடுவது சிமெண்டை. எங்கே சிமெண்ட் பூசியிருக்கிறார்களோ, பெரும்பாலும் அங்கேதான் சுவர் கெட்டுக் கிடக்கும்.

ராபர்ட் சிஷோம் வடிவமைத்த மாநிலக் கல்லூரியும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸும் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுந்தவை. அந்தக் காலத்தில் சிற்றூர்களில் கட்டிய பள்ளிகள் பலவும் அப்படித்தான். இந்தச் சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக அதை வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லை. உள்ளுக்குள்ளேயே மேலே ஏறி, பூச்சு முடிகிற இடத்துக்கு மேல் ஓதமாகத் தெரியும். உப்புப் பொரிந்து, பூச்சு உதிரும்போது செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு வரும்.

ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியை சொன்னார்: “வருஷா வருஷம் பூசுறோம் சார், வருஷா வருஷம் ஓதம் மேலதான் ஏறுது.” முழங்கால் உயரத்தில் இருந்த ஈரம் அங்கே கரும்பலகை வரை வந்திருந்தது. காரணம் சுவரில் இல்லை, முற்றத்தில் இருந்தது. பேவர் பிளாக் பதிக்கிறோம் என்று தரையை உயர்த்தி, கட்டடத்தின் பீடத்தையே பாதி மூடியிருந்தார்கள். மழைத் தண்ணீர் முழுவதும் சுவரடியில் தேங்கியது. முற்றத்தை இறக்கி, வாட்டம் கொடுத்து, சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுத்து, சுவரை நன்றாகக் காயவிட்டு, அதன் பிறகே சுண்ணாம்புச் சாந்து பூசினோம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் கரண்டியைத் தொடவே கூடாது. எமல்ஷன் பெயிண்டும் சிமெண்டைப் போலவே சுவரின் மூச்சை அடைக்கும். வெள்ளையடித்தால் போதும், அழகாகவும் இருக்கும்.

அடுத்தது கூரை. மெட்ராஸ் டெரஸ் என்கிற பழைய பாணித் தட்டைக் கூரையில் தேக்கு உத்திரங்களின் மேல் சிறு செங்கற்களைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்து, தட்டோடு பதித்திருப்பார்கள். ஒழுகினால் அதன் மேலேயே இன்னொரு தளம் போட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. இரண்டு முறை போட்ட கூரைகளையும் பார்த்திருக்கிறேன். அத்தனை பாரமும் உத்திரத்தின் மேல்தான் இறங்கும். உத்திரம் சுவருக்குள் நுழைகிற முனைதான் முதலில் உளுத்துப்போகும் இடம், அது வெளியே தெரியவும் தெரியாது. ஒவ்வொரு முனையையும் தட்டிப் பார்க்க வேண்டும், ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும். பொய்க்கூரை மாட்டி இதையெல்லாம் மறைத்துவிட்டால் கரையானும் ஒழுகலும் கண்ணில் படாது, மேலே இருக்கும் காற்றுத் துளைகளும் அடைபட்டு வகுப்பறை வெந்துபோகும்.

2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து 3 மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு பழைய பள்ளிக் கட்டடம் என்றாலே எல்லோருக்கும் பயம். அந்தப் பயம் நியாயமானது, ஆனால் வயதை மட்டும் பார்த்து இடிக்க முடிவு செய்வது தவறு. கான்கிரீட்டைச் சோதிக்கிற சுத்தியலால் சுண்ணாம்புச் சுவரைத் தட்டி, பலம் போதாது என்று எழுதித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். சுண்ணாம்புக் கட்டுமானம் தெரிந்த பொறியாளரிடம் ஒருமுறை காட்டுங்கள். சேப்பாக்கத்தில் ஆற்காடு நவாபின் பழைய அரண்மனையான கலச மகால் 2012 ஜனவரியில் தீயில் எரிந்தது. அதைப் பொதுப்பணித் துறை சுண்ணாம்புச் சாந்து கொண்டே மீட்டுக் கட்டியது. எரிந்த கட்டடமே எழுந்து நிற்கும்போது, கூரை ஒழுகுகிறது என்பதற்காக ஒரு பள்ளியை இடிக்க எனக்கு மனம் வருவதில்லை.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பாரம்பரியக் கட்டடம், எதையும் தொடக்கூடாது என்று குழந்தைகளை ஒரே குறுகலான மாடிப்படியில் ஏற்றி இறக்குவது. 2004-இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகளை இழந்த மாநிலம் இது. இரண்டாவது படி கட்டாயம் வேண்டும். பழைய சுவரில் பாரம் ஏற்றாமல், தனியாக நிற்கிற இரும்புப் படியை வெளிப்பக்கம் அமைக்கலாம். பழைய வயரிங்கை முழுவதும் மாற்றுங்கள், இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

கடைசியாக, எங்களையே அதிகம் தவிக்க வைக்கிற தவறு. மே மாத விடுமுறையில் ஆரம்பித்து, ஜூனில் பள்ளி திறப்பதற்குள் எல்லாம் முடிய வேண்டும் என்பார்கள். சுண்ணாம்பு அப்படி அவசரத்துக்கு வராது. நீற்றிய சுண்ணாம்பு ஊற வாரக்கணக்கில் ஆகும், ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் இடையில் நாள் விட வேண்டும், பூசிய சுவரை வெயிலில் காய்ந்து வெடிக்காமல் ஈரச்சாக்கு போட்டுக் காக்க வேண்டும். அதனால் ஐப்பசி மழையிலேயே குடையோடு போய் எங்கே ஒழுகுகிறது, எங்கே தேங்குகிறது என்று படம் எடுத்துவிடுங்கள். பொங்கலுக்குள் மதிப்பீடு, பங்குனியில் தொட்டி கட்டிச் சுண்ணாம்பு நீற்றுவது, அப்புறம் மே மாதத்தில் கொத்தனார்கள் சாரம் ஏறலாம்.